உண்மை அறியும் குழு வந்த வழி

மலையோர ஊர் ஒன்றில் போலீஸ் சுட்டதாகச் செய்தி வந்தால், இரண்டு மூன்று நாளில் அங்கே ஒரு வாடகைக் கார் வந்து நிற்கும். ஒரு வழக்கறிஞர், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், ஓர் எழுத்தாளர், உள்ளூர்ப் பேச்சு தெரிந்த ஓர் இளைஞர் இறங்குவார்கள். செத்தவர் வீட்டுக்குப் போவார்கள். காவல் நிலையத்துக்கும் போவார்கள். கேட்டதை எழுதிக்கொள்வார்கள். ஒரு வாரம் கழித்து நகரத்தில் பத்திரிகையாளர் சந்திப்பு நடக்கும், அறிக்கை வெளிவரும். 'உண்மை அறியும் குழு' என்ற பெயர் தமிழ்ப் பத்திரிகை படிப்பவர்கள் எல்லாருக்கும் பழக்கமானது.

குழு கிளம்பிய பிறகு டீக்கடையில் பேச்சு தொடங்கும். இவர்களை யார் அனுப்பினார்கள்? போலீஸ்காரர் செத்தால் இப்படி வருவார்களா? தண்ணீர் இல்லை, கூலி போதவில்லை என்றால் வருவார்களா? தமிழக-கேரள எல்லையில், வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், போடிமெட்டுக்குக் கீழேயும் மேலேயும் இந்தக் கேள்விகள் கேட்கப்படுகின்றன. அவை நியாயமான கேள்விகள். குடியுரிமை (சிவில் உரிமை) அமைப்புகளுக்குள்ளேயே நூறு ஆண்டுகளாக இதே சண்டைதான் நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள இந்தக் குழு எங்கே பிறந்தது, எப்படி நம் பக்கம் வந்தது என்று பார்க்க வேண்டும். பாரிஸ், லண்டன், நியூயார்க், பம்பாய் என்று சுற்றி வந்த அந்த வழியில் பாலக்காடும் தேவிகுளமும் திரும்பத் திரும்ப வருகின்றன.

கதை ஓர் உளவு வழக்கில் தொடங்குகிறது. டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரி 1894-இல் பிரான்சில் கைதானார். ஜெர்மனிக்கு ரகசியம் விற்றார் என்ற பொய்க் குற்றச்சாட்டில் டெவில்ஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார். 1898 ஜனவரியில் நாவலாசிரியர் எமில் ஜோலா குடியரசுத் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுத, வழக்கு அவர் மேலேயே பாய்ந்தது. அந்த வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர்களில் லுடோவிக் திராரியூ ஒருவர். அவர் செனட்டர், முன்னாள் நீதித்துறை அமைச்சர். அதிகாரத்தின் உள்ளே இருந்து பார்த்தவருக்குத்தான் அது எப்படிப் பொய் சொல்லும் என்று தெரிந்திருந்தது. அவரும் நண்பர்களும் அந்த ஆண்டே மனித உரிமைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு முன்னாலும் சங்கங்கள் இருந்தன; பெரும்பாலும் தத்தம் தொழிலுக்கு, மதத்துக்கு, ஊருக்கு என்று இருந்தன. முகம் தெரியாத ஒருவருக்கு அநியாயம் நடந்தது என்பதற்காகவே கூடிய சங்கம் என்பதுதான் இதன் சிறப்பு. டிரைஃபஸ் 1906-இல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். சங்கம் அதோடு கலையவில்லை. அடுத்த டிரைஃபஸ்கள் வரிசையில் வந்து நின்றார்கள்.

அடுத்த பத்தாண்டில் நடந்தது காப்பியடித்த கதை. முதல் உலகப் போரில் கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்த பிரிட்டிஷ்காரர்கள் குடியுரிமைகளுக்கான தேசிய கவுன்சில் என்று ஓர் அமைப்பு நடத்தினார்கள். 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் நியூயார்க்கில் ரோஜர் பால்ட்வின், கிரிஸ்டல் ஈஸ்ட்மன் முதலியோர் அந்தப் பெயரை எடுத்துத் தங்கள் அலுவலகத்துக்கு வைத்தார்கள். பால்ட்வின் ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்குப் போனார். வெளியே வந்து 1920-இல் அமெரிக்கக் குடியுரிமை ஒன்றியத்தைக் கட்டினார். லண்டன் அமைப்பு போரோடு மறைந்தது. 1934-இல் அதே பெயரில் லண்டனில் இன்னொன்று முளைத்தது.

அந்த இரண்டாவது லண்டன் அமைப்புக்குப் போகுமுன் பாலக்காட்டுக்கு மேற்கே மங்கரைக்கு ஒரு நடை போய்வர வேண்டும். சேட்டூர் சங்கரன் நாயர் 1857-இல் பிறந்த ஊர் அது. சென்னையில் வழக்கறிஞர், 1897-இல் அமராவதி காங்கிரஸின் தலைவர், பிறகு உயர் நீதிமன்ற நீதிபதி. 1915-இலிருந்து வைசிராயின் நிர்வாகக் கவுன்சிலில் உறுப்பினர். ஓர் இந்தியர் அன்று ஏறக்கூடிய உச்சி அதுதான். 1919-இல் ஜாலியன்வாலா பாக் படுகொலையும் பஞ்சாப் ராணுவச் சட்டமும் நடந்தபோது அவர் அந்தப் பதவியை விட்டு இறங்கினார்.

அதே சமயத்தில் பஞ்சாபில் காங்கிரஸ் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. காந்தி, சி.ஆர். தாஸ், அப்பாஸ் தயாப்ஜி, எம்.ஆர். ஜெயகர் ஆகியோர் ஊர் ஊராகப் போய் 1,700-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களை எடுத்தார்கள். அரசு நியமித்த ஹன்டர் குழுவுக்கு எதிரே மக்கள் தரப்பின் குழு. எழுதும் பொறுப்பு காந்தியுடையது. சரிபார்க்க முடியாததைச் சேர்க்கக்கூடாது, மிகைப்படுத்தக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். 1920 மார்ச்சில் அறிக்கை வந்தது. இன்று கிராமத்துக்கு வரும் உண்மை அறியும் குழுவுக்கு இந்தியத் தாய்வீடு எது என்று கேட்டால் நான் இந்த அறிக்கையைத்தான் காட்டுவேன். அரசு விசாரித்தாலும் குடிமக்கள் தனியே விசாரிக்கலாம் என்ற துணிச்சலும், கேட்டதையெல்லாம் எழுதிவிடக்கூடாது என்ற கட்டுப்பாடும் அங்கேதான் ஒன்றாகச் சேர்ந்தன.

சங்கரன் நாயர் காந்தியின் தோழர் அல்ல. ஒத்துழையாமை இயக்கம் நாட்டைக் கெடுக்கும் என்று 1922-இல் ஒரு புத்தகமே எழுதினார். அதில் பஞ்சாப் கொடுமைகளுக்கு அந்த மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த மைக்கேல் ஓட்வயர் பொறுப்பு என்று ஓரிடத்தில் சொல்லியிருந்தார். ஓட்வயர் லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். 1924-இல் ஐந்து வாரம் நடந்தது அந்த வழக்கு. நீதிபதி மெக்கார்டி வெளிப்படையாகவே, ஜாலியன்வாலா பாக்கில் சுட உத்தரவிட்ட ஜெனரல் டயரின் பக்கம் பேசினார். பன்னிரண்டு ஜூரிகளில் பதினொரு பேர் ஓட்வயருக்குச் சாதகமாகச் சொன்னார்கள். நாயர் 500 பவுன் நஷ்டஈடும் அதைப்போலப் பல மடங்கு செலவும் கட்ட வேண்டியதாயிற்று. ஒத்துக்கொள்ளாத அந்த ஒரே ஜூரி யார்? லண்டன் பொருளாதாரப் பள்ளியின் அரசியல் ஆசிரியர் ஹெரால்டு லாஸ்கி.

லாஸ்கியின் பெயர் இன்னும் இரண்டு இடத்தில் வருகிறது. மலபாரிலிருந்து போன வி.கே. கிருஷ்ண மேனன் அவருடைய மாணவர். மேனன் நடத்திய இந்தியா லீக் 1932-இல் ஒரு குழுவை இந்தியாவுக்கு அனுப்பிச் சட்டமறுப்புக் காலத்து அடக்குமுறையை நேரில் பார்க்க வைத்தது. 1934-இல் வெளியான அதன் அறிக்கைக்கு பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் முன்னுரை தந்தார். அதே 1934-இல் ரொனால்டு கிட் லண்டனில் குடியுரிமைகளுக்கான தேசிய கவுன்சிலை மீண்டும் தொடங்கியபோது அதற்குத் துணைநின்றவர்களிலும் லாஸ்கி ஒருவர். வேலையில்லாதவர்களின் பட்டினி ஊர்வலத்தில் போலீசார் தொழிலாளி வேடத்தில் நுழைந்து கலகம் மூட்டியதைக் கிட் 1932-இல் பார்த்திருந்தார். எனவே அடுத்த ஊர்வலம் வந்தபோது எச்.ஜி. வெல்ஸ், வேரா பிரிட்டன் போன்ற பெயர் பெற்ற எழுத்தாளர்களைப் பார்வையாளர்களாக ஹைட் பார்க்கில் நிறுத்தினார். குழுவில் ஓர் எழுத்தாளரும் இருக்க வேண்டும் என்ற வழக்கத்தின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. அமைப்பின் முதல் தலைவர் நாவலாசிரியர் ஈ.எம். ஃபாஸ்டர். இந்தியாவில் நடக்கும் ஒரு பொய் வழக்கைப் பற்றிய அவருடைய நாவல் வெளிவந்தது, நாயர் வழக்கில் தீர்ப்பு வந்த அதே 1924 ஜூன் மாதத்தில்.

1924-ஐ விட்டுப் போகுமுன் பாலக்காட்டிலேயே நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எதிலும் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். செப்டம்பரில் அது அரசாணையாயிற்று. நவம்பரில் கல்பாத்தித் தேர் வந்தது. அக்ரஹாரத் தெருவில் நடந்த ஈழவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். விவகாரம் சென்னைச் சட்டசபை வரை போனது. இங்கே சட்டம் நடப்பவன் பக்கம் இருந்தது. தடுத்தவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். பாரிசிலும் நியூயார்க்கிலும் குடியுரிமை என்றால் அரசின் கையைப் பிடிப்பது. கல்பாத்தியில் அரசு விட்டாலும் ஊர் விடவில்லை. அரசு மட்டும்தான் எதிராளியா என்ற சிக்கல் நம் மண்ணில் அப்போதே முளைத்துவிட்டது. ஆனால் அடுத்து வந்த அமைப்பு அதைக் கையில் எடுக்கவில்லை.

அந்த அமைப்பு, 1936 ஆகஸ்ட் 24-இல் பம்பாயில் தொடங்கிய இந்தியக் குடியுரிமை ஒன்றியம். கொண்டுவந்தவர் நேரு. அவரும் ரோஜர் பால்ட்வினும் 1927-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டில் கலந்துகொண்டவர்கள், நட்பு நீண்டது. தாகூர் கௌரவத் தலைவர், சரோஜினி நாயுடு செயல் தலைவர். பொதுச் செயலாளர் மலபார்க்காரர் கே.பி. மேனன், அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர். இது காங்கிரஸின் கிளையாக இருக்கக்கூடாது, எல்லாக் கட்சிக்காரர்களும் கட்சி இல்லாதவர்களும் சேர வேண்டும், அரசை எதிர்க்கும் உரிமையைக் காப்பதே வேலை என்று நேரு வற்புறுத்தினார். அலகாபாத் காங்கிரஸ் அலுவலகத்தில் வெளிநாட்டுப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த இளைஞர் ராம் மனோகர் லோகியா, அதே ஆண்டு, குடியுரிமைப் போராட்டத்தின் உலக வரலாற்றைச் சொல்லும் சிறு நூல் ஒன்றை எழுதினார். லோகியாவை நினைவில் வையுங்கள், அவர் மூணாற்றுக் கதைக்குள் வரப்போகிறார்.

ஒன்றியத்துக்குச் சோதனை ஓராண்டிலேயே வந்தது, அதுவும் சென்னையில். 1937-இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை. அந்த அக்டோபரிலேயே பாட்லிவாலா என்ற பம்பாய் சோஷலிஸ்ட் ராஜத்துரோகக் குற்றத்தில் கைதானார். அடுத்த ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டம். காங்கிரஸே ரத்து செய்யக் கோரிய குற்றவியல் திருத்தச் சட்டத்தை எடுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ராஜாஜி அரசு சிறையில் அடைத்தது. பெரியார் சிறை போனார். நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைவாசத்திலேயே இறந்தார்கள். நேற்று வரை கைதானவர்கள் இன்று கைது செய்தார்கள். ஒன்றியத்தில் இருந்தவர்களில் பலர் அந்தக் காங்கிரஸ்காரர்கள்தான். தங்கள் மந்திரிகளை எதிர்த்து எவ்வளவு பேச முடியும்? ஒன்றியம் தேய்ந்தது. கே.பி. மேனனே பிறகு கீழரியூர் வெடிகுண்டு வழக்கில் முதன்மைக் குற்றவாளியாகச் சிறைக்குப் போனார்.

சுதந்திரம் வந்தது, அரசியல் சட்டம் வந்தது. அது அமலுக்கு வந்த மூன்றாம் வாரமே, 1950 பிப்ரவரி 11-இல், சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். பாலக்காடு உள்ளிட்ட மலபார் அப்போது சென்னை மாநிலத்தின் ஒரு மாவட்டம். மார்ச் 1-ஆம் தேதி சென்னை அரசு இரண்டு உத்தரவுகள் போட்டது. ஒன்று, ரொமேஷ் தாப்பரின் 'கிராஸ் ரோட்ஸ்' வாரப் பத்திரிகை மாநிலத்துக்குள் வரக்கூடாது என்றது. இன்னொன்று, 1947 டிசம்பரிலிருந்து சிறையில் கிடந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனைப் புதிய தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் உள்ளேயே வைக்கச் சொன்னது. அந்த மாதமே வி.ஜி. ராவ் என்ற சென்னை வழக்கறிஞர் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கம் சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்டது.

மூவரும் நீதிமன்றம் போனார்கள். மே 19-இல் கோபாலன் தோற்றார்: சட்டம் என்று ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று பார்ப்பது எங்கள் வேலை அல்ல என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. ஒரு வாரம் கழித்துத் தாப்பர் வென்றார். ராவ் 1952 மார்ச்சில் வென்றார். சங்கம் அமைக்கும் உரிமையை ஓர் அதிகாரியின் மனத்திருப்தியை மட்டும் வைத்துப் பறிக்க முடியாது என்றார் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. இன்று எந்தக் குடியுரிமை அமைப்பு நாட்டில் இயங்கினாலும் அதன் காலடியில் இந்தச் சென்னை வழக்கு இருக்கிறது. ஆனால் தாப்பர் தீர்ப்பைக் கேட்ட அரசு 1951-இல் அரசியல் சட்டத்தையே திருத்தி, பேச்சுரிமைக்குப் பொது ஒழுங்கு என்ற கட்டுப்பாட்டைச் சேர்த்தது. மசோதாவைக் கொண்டுவந்தவர், குடியுரிமை ஒன்றியத்தைத் தொடங்கிய அதே நேரு. எனக்கு இது நேரு என்ற ஒரு மனிதரின் குறையாகத் தெரியவில்லை. 1937-இல் ராஜாஜிக்கும் இதேதான் நடந்தது. நாற்காலியில் அமர்ந்ததும் எதிர்ப்பின் ஒலி வேறு மாதிரிக் கேட்கத் தொடங்குகிறது.

இப்போது மூணாறு. தேவிகுளம், பீர்மேடு மலைகளின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அந்த வட்டங்களும் தெற்கே தமிழ் வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954-இல் திருவிதாங்கூர்-கொச்சியை ஆண்டது பட்டம் தாணுப் பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் மந்திரிசபை. அந்த ஜூலையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான நேசமணி மலையேறி, தடையுத்தரவை மீறிக் கைதானார். ஆகஸ்ட் 11-இல் தெற்கே மார்த்தாண்டம் பகுதியில் போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள்.

ஆண்டுகொண்டிருந்த பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் அகில இந்தியப் பொதுச் செயலாளர் லோகியா. செய்தி வந்தபோது அவரே உத்தரப் பிரதேசத்தில் ஒரு போராட்டத்துக்காக நைனி சிறையில் இருந்தார். அங்கிருந்து தம் கட்சி முதல்வருக்குத் தந்தி போனது: மந்திரிசபை பதவி விலக வேண்டும். நிராயுதபாணிகளைச் சுட்ட அரசு ஆளத் தகுதி இழந்தது, சுட்டது நம் கட்சி என்பதால் அது மாறாது என்பது அவர் நிலை. ஆசியாவிலேயே முதல் சோஷலிஸ்ட் அரசுகளில் ஒன்று, அதை நாமே கவிழ்ப்பதா என்று கட்சிக்குள் கொந்தளிப்பு. கிருபளானி தலைவராக இருந்த கட்சித் தலைமை லோகியாவின் கோரிக்கையை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு லோகியா கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். கட்சி உடைந்தது. 1956 நவம்பரில் தெற்கு வட்டங்கள் சென்னைக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன.

பதினெட்டு ஆண்டுக்கு முன் குடியுரிமை வரலாறு எழுதிய இளைஞர், தாம் எழுதியதை நம்பினார் என்பதற்கு நைனியிலிருந்து போன அந்தத் தந்தியே சாட்சி. குடியுரிமைக் குழு எதற்காக என்ற விவாதத்தில் நான் அறிந்த மிகத் தெளிவான பதில் அது. வாழ்நாள் முழுக்கக் கன்னியாகுமரித் தமிழர்களை அவர் சந்தித்திருக்கவே வாய்ப்பில்லாமல் போயிருந்தாலும் அந்தத் தந்தி போயிருக்கும்.

மலையில் சோதனை நிற்கவில்லை. 1957-இல் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு. 1958 மே மாதத் தேவிகுளம் இடைத்தேர்தலில் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன், சிறுவனாக இருந்த தம்பி இளையராஜாவையும் கூட்டிக்கொண்டு லயம் லயமாகப் பாடி, கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயிக்க உதவினார். சில மாதங்களிலேயே அதே தோட்டங்களில் போனஸ் கேட்டு வேலைநிறுத்தம். போலீஸ் சுட்டது. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். சேலம் சிறையில் தோழர்களைப் பறிகொடுத்த கட்சியின் அரசு அது.

அந்த மந்திரிசபையில் சட்ட அமைச்சர் வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டின் தமிழ்க் 'கிராமங்களில்' ஒன்றான வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர். கம்யூனிஸ்டுகளுக்கு வழக்காடியதற்காக 1948-இல் ஒரு மாதம் சிறையில் இருந்தவர். பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1975 ஜூன் 24-இல், தம் தேர்தல் செல்லாது என்ற தீர்ப்பை எதிர்த்து இந்திரா காந்தி செய்த மேல்முறையீட்டில் நிபந்தனையோடு மட்டும் இடைக்காலத் தடை தந்தார்: பிரதமராக இருக்கலாம், மக்களவையில் வாக்களிக்க முடியாது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது. அப்போது பாலக்காட்டின் மக்களவை உறுப்பினர் யார் தெரியுமா? 1950-இல் வழக்கில் தோற்ற அதே ஏ.கே. கோபாலன். 1971-இல் அத்தொகுதியில் வென்றிருந்தார். கைதாகி விடுதலையாகி, ஜூலையில் மக்களவையில் எழுந்து நெருக்கடி நிலையை எதிர்த்துப் பேசினார்.

1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நெருக்கடிக் காலத்தில் ஆட்கொணர்வு மனுவே செல்லாது என்றது. நீதிபதி கன்னா ஒருவர்தான் மறுத்தார். அதற்குச் சில வாரம் முன்னால், மார்ச் 1-இல், கோழிக்கோட்டு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் விடுதியிலிருந்து போலீசாரால் கொண்டுபோகப்பட்டு, கக்கயம் முகாமில் கொல்லப்பட்டிருந்தார். தந்தை ஈச்சர வாரியர் ஓர் ஆண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கினார். எந்த நீதிமன்றத்துக்கும் போக வழியில்லை. அந்த இருட்டில்தான், 1976 அக்டோபர் 17-இல், ஜெயப்பிரகாஷ் நாராயணின் முயற்சியால் டெல்லியில் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் முதல் வடிவம் பிறந்தது. தலைமை தார்குண்டே. கூட்டத்தைத் தொடங்கிவைத்தவர் கிருபளானி; 1954-இல் லோகியா கேட்டதை ஏற்காத கட்சியின் தலைவர். மனிதர்கள் மாறுவார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

1977 மார்ச் 22-இல், தேர்தலில் இந்திரா தோற்ற செய்தி வந்துகொண்டிருந்தபோது, கோபாலன் இறந்தார். மூன்று நாள் கழித்து ஈச்சர வாரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். ஏப்ரலில் வந்த தீர்ப்பு முதல்வர் கருணாகரனைப் பதவி இறக்கியது. சென்னைச் சிறையில் அடிபட்டு இறந்த முன்னாள் மேயர் சிட்டிபாபு முதலியோருக்கு நடந்ததை விசாரிக்க இஸ்மாயில் கமிஷன் அமர்ந்தது. 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், உரிமையைப் பறிக்கும் சட்டம் நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று சொல்லி, கோபாலன் தீர்ப்பின் அடிப்படையைத் தள்ளியது. அந்த அமர்வில் கிருஷ்ணய்யரும் இருந்தார். பாலக்காட்டின் எம்.பி.யாக இருந்து மறைந்தவர் தோற்ற வாதத்தை, பாலக்காட்டில் பிறந்தவர் சேர்ந்து ஜெயிக்க வைத்தார். ஒரு கைதி எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டவரும் அவர்தான்.

இதற்குப் பிறகு டீக்கடைக் கேள்விகள் அமைப்புக்குள்ளேயே வெடித்தன. வாக்கு, பேச்சு, கைது இவற்றோடு நிற்பதா, கூலியும் நிலமும் நம் வேலையா? 1980-இல் கழகம் மறுபடி அமைக்கப்பட்ட வேளையில் டெல்லிக்காரர்கள் சிலர் பிரிந்து ஜனநாயக உரிமைகளுக்கான தனி அமைப்பாக நின்றார்கள். ஆசிய விளையாட்டுக்குக் கட்டடம் கட்டிய தொழிலாளர்களுக்காக அவர்கள் போட்ட வழக்கில், 1982-இல், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று தீர்ப்பு வந்தது. கூலியும் குடியுரிமைதான் என்று அப்போது உறுதியானது.

போலீஸ்காரர் செத்தால் வருவார்களா என்ற கேள்வி இதைவிடக் கடினம். ஆந்திரக் குடியுரிமைக் கழகம் அதற்குக் கொடுத்த விலை பெரிது. வாரங்கலில் அந்தக் கழகத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ராமநாதம் 1985-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். நீண்ட காலம் கண்ணபிரான் தலைமை தாங்கிய அந்தக் கழகத்தில் கணிதப் பேராசிரியர் பாலகோபால் ஒரு வாதத்தைத் தொடங்கினார்: நக்சலைட்டுகள் கொல்வதையும் நாம் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டும், சாதியும் ஆணாதிக்கமும் செய்யும் வன்முறையையும் பார்க்க வேண்டும். அரசின் வன்முறைக்குச் சட்டத்தின் பெயர் இருக்கிறது, அதை மற்றதோடு சமமாக வைத்தால் அரசுக்கே லாபம் என்றார்கள் மற்றவர்கள். அவர் விலகி 1998-இல் மனித உரிமைகள் மன்றத்தை அமைத்தார். நான் பாலகோபால் பக்கம். கல்பாத்தித் தெருவில் அடித்தவர்கள் போலீசார் அல்ல. 2018-இல் அட்டப்பாடியில் அரிசி திருடியதாகச் சொல்லி ஓர் ஆதிவாசி இளைஞரைக் கட்டி அடித்துக் கொன்றவர்களும் அல்ல. அரசை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இவை தப்பிவிடும்.

எல்லை மக்கள் இந்த விவாதத்துக்குக் காத்திருக்கவில்லை. சித்தூர் வட்டம் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை 2000-இல் தண்ணீர் உறிஞ்சத் தொடங்கியது. கிணறுகள் கெட்டன. 2002 ஏப்ரல் 22-இல் எரவாளர் சமூகத்து மயிலம்மாவும் மற்றப் பெண்களும் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 2003-இல் பெருமாட்டிப் பஞ்சாயத்து உரிமத்தை ரத்து செய்தது. அந்த டிசம்பரில் நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்றார் உயர் நீதிமன்ற நீதிபதி பாலகிருஷ்ணன் நாயர்; 2005-இல் பெரிய அமர்வு அதை மாற்றியது. அதற்குள் 2004 மார்ச்சில் ஆலை நின்றுவிட்டது. மாநில அரசின் குழு 2010-இல் இழப்பை 216 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. அதை வசூலிக்க 2011-இல் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007-இலேயே இறந்துவிட்டார்.

மூணாற்றில் 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தார்கள். நாள் கூலி 232 ரூபாய், 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 ஆகியிருந்தது. தொழிற்சங்கத் தலைவர்களையும் கட்சிக்காரர்களையும் அவர்கள் மேடைக்கு அருகே விடவில்லை. பெண்கள் ஒற்றுமை என்ற பொருளில் பொம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதம் கிடைத்தது. அடுத்த மாதம் தோட்டக் கூலி 301 ரூபாய் ஆயிற்று. அவர்களுக்காகப் பேச வேறு யாரும் வந்து குறிப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் செத்தவர்கள் தாமே பேச முடியாது. 2019 அக்டோபர் 28, 29 தேதிகளில் அட்டப்பாடி மஞ்சிக்கண்டிக் காட்டில் கேரள அதிரடிப் படை மாவோயிஸ்ட்டுகள் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றது. சேலம் மாவட்டத்து மணிவாசகம் அவர்களில் ஒருவர். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். உறவினர்கள் நீதிமன்றம் போனார்கள். காட்டுக்குள் போய்ப் பார்த்து, இது போலி மோதல் என்று சொன்னவர்களில் குடியுரிமை அமைப்பினரோடு ஆளும் கூட்டணிக் கட்சி ஒன்றும் இருந்தது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, தன் மாநில உதவிச் செயலாளர் பிரகாஷ் பாபு தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. 1958-இல் மூணாற்றில் சுட்ட அரசை நடத்திய கட்சியின் பெயர்தான் அது. அந்தப் பெயரில் ஒரு குழு 2019-இல் குறிப்பேட்டோடு மலையேறியதை நான் முன்னேற்றமாகவே எடுத்துக்கொள்கிறேன். அறிக்கைக்குப் பிறகும் அந்தக் கட்சி மந்திரிசபையில் தொடர்ந்தது. 1954-இல் நைனி சிறையிலிருந்து லோகியா கேட்டதை அது கேட்கவில்லை.